இடுப்பளவில் ஒரு கோடு

எங்கள் புகைப்படக்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கேட்ட விதம்தான் வம்பு. செங்கல்பட்டில் நடந்த கூட்டத்தில் செயலாளர் மைக்கைப் பிடித்து, விற்பனைக்கு வரும் வீட்டை உள்ளபடியே படம் எடுத்து முதலாளியின் கோபத்துக்கு ஆளான மனிதர் என்று என்னை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஃபிளெக்ஸ் கதையை எழுதுங்கள் ஏகாம்பரம் சார், இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். கைதட்டல் கேட்கும்போது தலையை ஆட்டாமல் இருக்க எனக்கு இன்றுவரை பழகவில்லை. வீட்டுக்கு வந்து பேனாவைத் திறந்தபோதுதான், நடந்தது நடந்தபடி எழுதினால் அடுத்த கூட்டத்தில் எனக்கு நாற்காலி போட மாட்டார்கள் என்பது உறைத்தது. பரவாயில்லை. இப்போது ஃபோனில் ஒரு செயலியே வானத்தை நீலமாக்குகிறது, காலி அறையில் சோபா போட்டுக் காட்டுகிறது. எங்கள் தொழிலே முடிந்துவிட்டது. இனி மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவன். செங்கல்பட்டில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. மாப்பிள்ளைகள் மாமல்லபுரம் கடற்கரையில் ஓடிக்கொண்டே படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்ட காலம் வந்தபோது, அவர்களோடு ஓட என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வீடு ஓடாது, சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை, ஆல்பத்தில் அத்தை விட்டுப்போய்விட்டாள் என்று சண்டைக்கு வராது. அப்படி நினைத்துத்தான் வீட்டுத் தரகர் எம். சாமியிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அவர் இயற்பெயர் முனுசாமி. போர்டில் மட்டும் எம். சாமி. அதற்கு முன்பு தண்ணி லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஓஎம்ஆர் சாலை அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொண்டுபோய், எந்த வீடு காலி, எந்த வீட்டில் சண்டை, யார் வீட்டை விற்கப் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிட்டது. லாரியை விற்றுவிட்டு வீடு விற்க ஆரம்பித்தார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் வீட்டை நேரில் பார்ப்பதற்கு முன் ஃபோனில் பார்க்கிறார்கள், படம் நன்றாக இருந்தால்தான் செருப்பை மாட்டுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவரும் எங்கள் பக்கத்தில் அவர்தான்.

நான் முதலில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு அவர் முகம் சுளித்தார். "இன்னாண்ணாத்த, ரூமு இருட்டா கீது, ஜன்னலு வெள்ளையா கீது. வூட்டுக்கு வெளிய ஒலகமே இல்லாத மாரி கீது" என்றார். குறை சரியானது. நம் கண் அறையையும் பார்க்கும், ஜன்னலுக்கு வெளியே வெயிலையும் பார்க்கும். கேமராவுக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் முடியும். அதற்கு வழிதான் ஹெச்.டி.ஆர். கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே காட்சியை ஐந்து தடவை எடுக்க வேண்டும். முதல் படம் ஏறக்குறைய கறுப்பு. அதில் ஜன்னலுக்கு வெளியே உள்ளது மட்டும் தெரியும். கடைசிப் படம் வெளுத்துப்போயிருக்கும். ஆனால் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் செருப்பு வரை தெரியும். ஐந்தையும் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்தால் இருட்டும் இல்லை, கண்கூச்சமும் இல்லை. எல்லா மூலையும் ஒரே மாதிரி பளிச்சென்று இருக்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அதற்குப் பதினைந்து இறக்கை முளைக்கும். திரைச்சீலை ஆடக் கூடாது. வீட்டுக்காரர் குறுக்கே வரக் கூடாது. வருவார்.

ஒரு வாரம் சாமியின் ஆபீஸில் கடைசி அறையில் உட்கார்ந்து பழகினேன். அதன் பிறகு நான் எடுத்த எந்த வீடும் இருட்டாக இருந்ததில்லை, நிஜத்தில் விளக்குப் போட்டாலும் விடியாத வீடுகள் உட்பட.

சாமி படம் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் பார்க்க மாட்டார். வாங்குகிறவன் ஃபோனில்தான் பார்ப்பான், நானும் ஃபோனில்தான் பார்ப்பேன் என்பார். ஆபீஸ் வாசலில் வெயிலில் நின்று, வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, ஒவ்வொரு படமாகத் தள்ளுவார். பிடிக்காதது எதையாவது கண்டால் கட்டை விரலை அதன் மேல் வைத்து மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து மிச்சத்தைப் பார்ப்பார். மிச்சம் அழகாக இருந்தால், "இந்தாண்ட இன்னா கீதோ அத்த எட்த்துடு" என்பார். அவர் விரலுக்கு அடியில் போனவை பல. உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்று, சுடுகாட்டு மதில் இரண்டு, கருவாடு காயப்போட்ட ஒரு மொட்டை மாடி. ஐந்து படம் சேர்த்து ஜன்னலுக்கு வெளியே உலகத்தைக் கொண்டுவந்தது நான். அதில் எந்த உலகம் இருக்கலாம் என்று முடிவு செய்தது அவர் விரல்.

திசை விஷயம் தனிக் கூத்து. எங்கள் பக்கத்தில் கிழக்குப் பார்த்த வாசலுக்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. சாமி ஒருநாளும் மேற்குப் பார்த்த வீட்டைக் கிழக்கு என்று வாய்விட்டுச் சொன்னவர் அல்ல. அந்த விஷயத்தில் சத்தியவான். மேற்கு வாசல் வீடுகளுக்கு மட்டும் என்னைச் சாயங்காலம் அனுப்புவார். வாசலில் மஞ்சள் வெயில் தங்கமாக விழும்போது, வாசல் படியில் புதுக் கோலம் போடச் செய்து, ஓரத்தில் ஒரு பால் பாக்கெட்டையும் வைத்து என்னை எடுக்கச் சொல்வார். பார்க்கிறவர்கள் காலை என்று தாங்களே முடிவு செய்துகொள்வார்கள். காலை வெயில் என்றால் கிழக்கு. நேரில் வந்து திசைகாட்டியை எடுக்கும்போதுதான் வாடும் முகங்களைப் பார்க்க வேண்டும். அதற்குள் பாதிப் பேருக்குச் சமையலறை பிடித்துப்போயிருக்கும்.

வீட்டை விற்பது இன்னும் நம்மவர்களுக்கு அவமானம். பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தால் குடும்பத்தில் ஏதோ ஆகிவிட்டது என்பார்களாம். அதனால் விற்கிறவர்கள் என்னை உள்ளே விடும்போதே, யாராவது கேட்டால் கொசுவலை அளவெடுக்க வந்தவர் என்று சொல்லச் சொல்வார்கள். நானும் கையில் ஒரு அளவு நாடா வைத்திருப்பேன். ஒரு தெருவில் எதிர் வீட்டு அம்மா நிஜமாகவே கூப்பிட்டு நாலு ஜன்னலுக்கு அளவெடுக்க வைத்துவிட்டார். வலை எப்போது வரும் என்று ரொம்ப நாள் சாமியின் ஆபீசுக்கு ஃபோன் வந்துகொண்டிருந்தது.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன். திருப்போரூரைத் தாண்டி உள்ளே, பெயரில் அவென்யூ இருந்தும் தரையில் ஒரு மரம்கூட இல்லாத ஒரு மனைப்பிரிவு. தரைத்தள வீடு, இரண்டு படுக்கையறை. சொந்தக்காரர் வெளியூரில் இருந்தார். புதிதாகப் பெயின்ட் அடித்துச் சாவியை சாமியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சுவர் பால் மாதிரி இருந்தது. உள்ளே கண்ணில் பட்ட ஒரே விசித்திரம், பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்ததுதான். சாமியிடம் கேட்டேன். குழந்தை கைக்கு எட்டாமல் இருக்க என்றார். நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன்.

வழக்கம்போல ஐந்து ஐந்தாக எடுத்து, ஆபீசில் சேர்த்துப் பார்த்தேன். ஹாலில், சுவரைச் சுற்றி, இடுப்பு உயரத்தில் ஒரு கோடு. மங்கலாக, தேநீர்க் கறை மாதிரி. அதற்குக் கீழே சுவரின் நிறம் ஒரு மாற்றுக் குறைவு. படுக்கையறையிலும் அதே கோடு, அதே உயரம். சமையலறையிலும். கண்ணுக்குத் தெரியாத நிறபேதத்தையும் இந்த ஹெச்.டி.ஆர். முறை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டிவிடும். அது தண்ணீர் நின்ற மட்டம். பிளக் பாயின்ட் ஏன் மேலே ஏறியது என்பதும் அப்போதே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று இங்கே எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை; ஆனால் புரிந்தது.

சாமி வெயிலில் நின்று பார்த்தார். கட்டை விரல் கோட்டின் மேல் வந்தது. கோடு நீளம், விரல் போதவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விரலை நகர்த்திக்கொண்டே போனார். பிறகு என்னைக் கேட்டார்: "நேர்ல கண்ணுக்குத் தெர்ஞ்சுதா?"

இல்லை என்றேன்.

"அப்ப அது இல்ல. உன் மெசினு இல்லாதத காட்டிகினு கீது. எட்த்துடு."

இதைவிட வசதியான நியாயம் எனக்குக் கிடைத்திருக்காது. உட்கார்ந்து, பக்கத்துச் சுவரின் வெள்ளையை எடுத்து எடுத்துக் கோட்டின் மேல் ஒட்டினேன். மூன்று மணி நேர வேலை. அழிக்காத படங்கள் "பைனல்" என்ற பெயரில் இருந்தன. அழித்தவற்றுக்கு "பைனல் பைனல்" என்று பெயர் வைத்தேன். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் பலர் வருகிறார்கள் என்று சாமி பந்தல் போட்டு, மோர் வைத்து, காம்பவுண்டுச் சுவரில் பத்தடிக்கு ஒரு ஃபிளெக்ஸும் கட்டச் சொல்லியிருந்தார். ஹால் படம்தான் ஃபிளெக்ஸில். இரண்டு படமும் இருந்த பென் டிரைவை ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் திறந்தார், "பைனல்" என்று இருந்ததைப் பார்த்தார், அடித்துவிட்டார். கட்டும்போது நான் முன்னால் நின்றேன். வெயில் ஃபிளெக்ஸின் மேல் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. கோடு எனக்கும் தெரியவில்லை.

வந்தவர்களில் அச்சரப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பதி. செல்வி என்று அந்த அம்மாவின் பெயர். கணவர் கஜேந்திரன் லாரி வைத்து நெல் ஏற்றி இறக்கியவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துவிட்டது. மகள் சிறுசேரியில் வேலை. அவளுக்குப் பக்கத்தில், படி ஏறாத வீடாக, தரைத்தளத்தில் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஃபோனில் என் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பார்த்ததுமே முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார் செல்வி. கணவரைக் காரிலேயே உட்காரவைத்து, காற்றுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அந்த அம்மா மட்டும் உள்ளே போனார்.

காருக்கு நேர் எதிரே ஃபிளெக்ஸ். அந்த மனிதருக்கு வேறு பார்க்க ஒன்றுமில்லை. மேகம் ஒன்று வந்து வெயிலை மறைத்தது. கால் மணி நேரம் கழித்து செல்வி வெளியே வந்தபோது, அவர் வலது கையை நீட்டி ஃபிளெக்ஸைக் காட்டிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கோடு, கோடு என்று. அந்த அம்மா அவர் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டார். கேட்டுவிட்டு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். தண்ணி நின்ன குடோன்ல இதே மாரி கோடு இருக்கும்ன்றாரு என்றார்.

மறுபடி உள்ளே போய்ச் சுவரைத் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. பிளக் பாயின்ட்டுகளைப் பார்த்தார். சாமி ஓடிப்போய்க் குழந்தை விளக்கத்தைச் சொன்னார். எங்க வூட்ல கொழந்தையே இல்லியே என்று அந்த அம்மா அமைதியாகச் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார். நான் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"நீங்கதான அண்ணே படம் எடுத்தது? இந்த மனுசனால தானா எழுந்துக்க முடியாது. தண்ணி வந்தா படுத்த வாக்குல போய்டுவாரு. எல்லாம் மறைக்கிறாங்கோ, நீங்க ஒருத்தர் மறைக்காம எடுத்தீங்கோ. நல்லா இருப்பீங்கோ."

கையெடுத்துக் கும்பிட்டார். நான் என்ன செய்தேன்? பதிலுக்குக் கும்பிட்டேன். அம்மா, இது கடைக்காரர் செய்த தப்பு, அழித்த படத்தைத்தான் நீங்கள் ஃபோனில் பார்த்தீர்கள் என்று சொல்ல அரை நிமிடம் போதும். பந்தலில் இருபது பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் முறையாக என்னை யாரோ மரியாதையோடு பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சாமி என்னை வீட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டுபோனார். "நீ நல்லவன்னு பேர் எட்க்க என் பொழப்புதான் கெட்ச்சிதா அண்ணாத்த?" என்றார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. அவர் வாழ்க்கையில் என்னிடமிருந்து கேட்ட ஒரே உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். ஃபிளெக்ஸ் கடைக்காரருக்கோ, தான் தப்பான படத்தை அடித்த விஷயம் வெளியே வந்தால் கடைக்குக் கெட்ட பெயர். அதனால் ஏகாம்பரம் அண்ணன் வேண்டுமென்றேதான் அந்தப் படத்தைக் கொடுத்தார், மனசாட்சி உள்ளவர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவரும் எங்கள் சங்க உறுப்பினர். செயலாளருக்கு அப்படித்தான் கதை போனது. தன் தவறை மறைக்க ஒருவர் என்னை உத்தமனாக்கினார். என் தவறை மறைக்க நான் உத்தமனாக இருந்துகொண்டேன்.

சாமி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. என் மாதிரி சுத்தமாக அழிக்க அவருக்கு வேறு ஆள் இல்லை. ஃபிளெக்ஸைக் கழற்றி ஆபீசுக்குப் பின்னால் மரச்சாமான்களின் மேல் போர்த்திவிட்டார். ஃபோனில் வரும் விளம்பரத்தில் "பைனல் பைனல்" அப்படியே இருந்தது. நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. சில வாரங்களில் அந்த வீடு விற்றுவிட்டது. வாங்கியவர்கள் யார் என்று நான் கேட்கவும் இல்லை. அச்சரப்பாக்கத்துக்காரர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவர்களுக்குப் பதில் யாரோ ஒருவர் அங்கே படுக்கப்போகிறார் என்பதை நினைக்காமல் இருக்க நன்றாகவே முடிந்தது.

அந்த வருடம் மழை பலமாகப் பெய்தது. தை பிறந்து, வெயில் ஏறிய பிறகு சாமி கூப்பிட்டார். "பழைய வூடு, புது பார்ட்டி. உனுக்குத் தெர்ஞ்ச எடந்தான், சீக்கிரம் முட்ச்சிட்லாம்" என்றார். விலாசத்தைக் கேட்டதும் போக மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஸ்டாண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த பெண்ணின் பெயர் ஜெயந்தி. திருச்சிப் பக்கம், கணவனும் மனைவியும் சிறுசேரியில் வேலை. யாராவது கேட்டால் கொசுவலைக்காரர் என்று சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே உள்ளே அழைத்தார். கோட்டைப் பார்க்க இந்தத் தடவை ஐந்து படம் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ஹாலைச் சுற்றிப் பழுப்பாக, அதே இடுப்பு உயரத்தில் இருந்தது. அலமாரியின் கீழ்க் கதவுகள் உப்பி, மூட முடியாமல் நின்றன. உள்ளே நாலு வயதுக் குழந்தை ஒன்று இருமிக்கொண்டே இருந்தது. ஈரச் சுவர்தான் காரணம், இந்த வீட்டில் அடுத்த மழைக்காலம் வரை இருந்தால் மூச்சிரைப்பு நிரந்தரமாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஜெயந்தி குற்றம் சாட்டுகிற மாதிரிப் பேசவில்லை. பெயின்ட் அடிக்க நாளை ஆள் வருகிறது, ஆனால் அவசரம், படம் இன்றே வேண்டும் என்றார்.

பிறகு ஃபோனை எடுத்து என் முன்னால் நீட்டினார். அதில் அதே ஹால். பால் மாதிரிச் சுவர், கோடு இல்லை.

"இதப் பாத்துதான் சார் நாங்க வாங்கினோம். யாரு எடுத்தாங்கன்னு தெரியல, ரொம்ப நல்லா எடுத்திருந்தாங்க. இதே மாதிரி எடுத்துக் கொடுத்திருங்க."

நான் ஸ்டாண்டை விரிக்காமல் நின்றேன். அந்தப் படத்தை எடுத்தது நான்தான் என்றேன். கோடு அப்போதே இருந்தது, அழித்ததும் நான்தான் என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். குழந்தை உள்ளே மறுபடி இருமியது. அந்தப் பெண் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் சொன்னார்:

"நல்லதாப் போச்சு சார். அப்ப எங்கெங்க அழிக்கணும்னு உங்களுக்கே தெரியும்."

நான் மின்விசிறியை நிறுத்தினேன். திரைச்சீலையைக் கட்டினேன். ஒவ்வொரு அறையிலும் ஐந்து தடவை எடுத்தேன். வெட்கத்தில் அந்தப் பெண்ணின் முகத்தை மறுபடி பார்க்கவில்லை. அடுத்தது யார் வீட்டுக் குழந்தை என்று எண்ணிக்கொண்டேதான் எடுத்தேன், அப்படியும் எடுத்தேன். அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. அதைத்தான் மனசாட்சிக்காகத் தொழிலை விட்டவர் என்று மலரில் போடப்போகிறீர்கள். ஆனால் விடுவதற்கு முன் கடைசியாக ஆபீசில் உட்கார்ந்து அந்தக் கோட்டை அழித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். முதல் தடவை மூன்று மணி நேரம் ஆனது. இந்தத் தடவை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, சுத்தமாகவும் வந்திருந்தது.